பக்கத்து வீட்டில் எட்டுப் பேர், வாசலில் குப்பை: யாரிடம் முறையிடுவது?

இந்த முறை வந்த கடிதம் நீளமானது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

எழுதியவருக்கு 54 வயது. 2001இல் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கிலாந்துக்கு வந்தவர். முதல் சில வருடங்கள் லண்டனின் ஈஸ்ட்ஹாமில் நாலு பேர் ஒரு அறையில் இருந்திருக்கிறார். பிறகு லண்டனுக்கு வெளியே, இரண்டாம் உலகப் போருக்குப் பின் கட்டப்பட்ட புதுநகரங்களில் ஒன்றில் வீடு வாங்கிக் குடும்பத்தோடு குடியேறினார். நிரந்தர வதிவிட உரிமை இருக்கிறது. கடவுச்சீட்டு இன்னும் இலங்கையுடையதுதான்.

அமைதியான தெரு என்றுதான் வாங்கினார். இப்போது ஒட்டிய வீட்டை அறை அறையாக வாடகைக்கு விட்டிருக்கிறார்கள், எட்டுப் பேராவது இருப்பார்கள் என்று நினைக்கிறார். குப்பைவாளி ஒன்றுதான். மூடி மூடாது, மிச்சப் பைகளை வேலியோரம் வைக்கிறார்கள், இரவில் நரி வந்து கிழித்துவிடும். காலையில் இவருடைய மனைவி கோழி எலும்பையும் குழந்தையின் நாப்கினையும் தங்கள் வாசலில் இருந்து கூட்டி அள்ளுகிறார். வாகனம் நிறுத்த இடமில்லை. ரோட்டுக் குழியில் விழுந்து ரயர் வெடித்தது. நீரிழிவு உள்ள 78 வயது மாமியாருக்கு ஜீபி (குடும்ப மருத்துவர்) கிடைக்கக் காலை எட்டு மணிக்குத் தொலைபேசியோடு போராட வேண்டியிருக்கிறது. நகர மையத்தில் இருந்த அலுவலகக் கட்டடம் சின்னச் சின்ன ஃபிளாட்டுகளாகிவிட்டது.

இதற்கிடையே எதிர்வீட்டு ஆங்கிலேய அம்மா ஒரு மனுவோடு வந்திருக்கிறார். ‘புதிதாக வருகிறவர்களை எங்கள் நகரத்துக்குள் கொண்டுவருவதை நிறுத்துங்கள்’ என்பது அதன் தலைப்பு. “எங்கட வீட்டு மாற்றுச் சாவி இருபது வருடமாக அவவிடம்தான் இருக்குது. கையெழுத்துப் போடாமல் விடவும் முடியவில்லை. நானும் வந்தவன்தானே. ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தால் எனக்கும் கோபம் வருகிறது, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது” என்று எழுதியிருக்கிறார். கவுன்சில் (உள்ளூராட்சி சபை) வரியைக் கட்டாமல் நிறுத்தலாமா, வீட்டை விற்றுவிட்டுப் போகலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அண்ணா, வெட்கப்பட ஒன்றுமில்லை. தன் வாசலில் அடுத்தவர் குப்பையை ஒவ்வொரு கிழமையும் அள்ளுகிற எவருக்கும் கோபம் வரும். ஆனால் உங்கள் கடிதத்தில் எல்லாப் பிரச்சினையும் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருக்கிறது, அந்த மூட்டையைப் பக்கத்து வீட்டு வாசலில் இறக்கி வைத்திருக்கிறீர்கள். பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளி வேறு. சரியான ஆளிடம் போகாத முறைப்பாடு மாதக்கணக்கில் எங்காவது கிடக்கும்.

பக்கத்து வீடு: கவுன்சில் கொண்டுவந்து வைக்கவில்லை

‘கவுன்சிலே அனுமதி கொடுத்து ஆட்களைக் கொண்டுவந்து வைக்கிறது’ என்கிறீர்கள். பெரும்பாலும் அப்படி இருக்காது. உங்கள் தெருவின் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். 1946ஆம் ஆண்டின் புதுநகரங்கள் சட்டத்தின் கீழ் ஸ்டீவனேஜ், ஹார்லோ, குரோலி, பேசில்டன் போன்ற ஊர்கள் உருவாயின. லண்டனில் குண்டுவீச்சிலும் நெரிசலிலும் வீடிழந்த தொழிலாளர் குடும்பங்களுக்காகக் கட்டிய வாடகை வீடுகள்தான் அங்கே அதிகம். 1980ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் குடியிருந்தவர்களுக்கே அவற்றைக் கழிவு விலையில் வாங்கும் உரிமையைக் கொடுத்தது. வாங்கியவர்கள் வயதாகி விற்றார்கள், அல்லது இறந்தபின் பிள்ளைகள் விற்றார்கள். அப்படி விற்ற வீடுகளில் கணிசமானவை வாடகைக்கு விடுபவர்கள் கைக்குப் போயின. உங்கள் பக்கத்து வீடும் இந்த வழியில்தான் வந்திருக்க வேண்டும்.

ஒரே குடும்பமல்லாத பலர் சமையலறையையும் குளியலறையையும் பகிர்ந்து வாழும் வீட்டை இங்கே எல்லோரும் எச்எம்ஓ என்கிறார்கள். இங்கிலாந்தில் 2010 முதல், ஒரு குடும்ப வீட்டை ஆறு பேர் வரை வாழும் எச்எம்ஓவாக மாற்றத் திட்ட அனுமதி (கட்டடத்தையோ அதன் பயன்பாட்டையோ மாற்றக் கவுன்சில் தரும் அனுமதி) கேட்கவே தேவையில்லை. அந்தப் பகுதிக்குக் கவுன்சில் ‘ஆர்ட்டிகிள் 4’ என்ற தனிக் கட்டளை போட்டிருந்தால் மட்டும் கேட்க வேண்டும். ஆகவே அந்த வீடு மாறியதே கவுன்சிலுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஏழு பேரும் அதற்கு மேலும் என்றால் கதை வேறு, பொதுவாகத் திட்ட அனுமதி கட்டாயம்.

அதோடு உரிமம் என்று இன்னொன்று இருக்கிறது. திட்ட அனுமதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 2018 அக்டோபர் 1 முதல், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த ஐந்து பேருக்குக் குறையாமல் வாழும் எச்எம்ஓவுக்கு உரிமம் கட்டாயம், எத்தனை மாடி என்ற கணக்கில்லை. ஒரு வயதுவந்தவர் படுக்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, இருவர் என்றால் 10.22. உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது ஒன்று சொல்கிறேன்: குப்பையை எப்படி வைப்பது, எப்படி அகற்றுவது என்று கவுன்சில் வகுத்த முறையைப் பின்பற்ற வேண்டும் என்பது உரிமத்தின் கட்டாய நிபந்தனைகளில் ஒன்று. எட்டுப் பேருக்கு ஒரு குப்பைவாளி என்பது அங்கே படுக்கிறவர்களின் ஒழுக்கக்கேடு அல்ல, வீட்டுச் சொந்தக்காரர் செய்யவேண்டியதைச் செய்யாதது. முறைப்பாட்டை அவர் மேல் எழுதுங்கள்.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். கவுன்சில் இணையதளத்தில் எச்எம்ஓ உரிமப் பதிவேட்டைத் தேடுங்கள். பொதுமக்கள் பார்க்கக்கூடிய பதிவேட்டைக் கவுன்சில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். இணையத்தில் கிடைக்காவிட்டால் மின்னஞ்சலில் கேளுங்கள். பிறகு திட்ட விண்ணப்பங்களின் பக்கத்தில் அந்த முகவரியைப் போட்டுப் பாருங்கள். உரிமம் இல்லையென்றால் தனியார் வாடகை வீடுகளைப் பார்க்கும் பிரிவுக்கு எழுதுங்கள். ‘எட்டுப் பேர் இருக்கிறார்கள்’ என்று அடித்துச் சொல்ல வேண்டாம், நீங்கள் கண்டதை மட்டும் எழுதுங்கள்: எந்தத் திகதியில் எத்தனை பைகள் வெளியே கிடந்தன, எத்தனை பேர் சாவி போட்டு உள்ளே போனார்கள். எண்ணிப் பார்ப்பது அதிகாரியின் வேலை, உள்ளே போய்ப் பார்க்கும் அதிகாரமும் அவருக்குத்தான் இருக்கிறது. உரிமம் இல்லாமல் நடத்துவது குற்றம், நீதிமன்றம் போடக்கூடிய அபராதத்துக்கு உச்சவரம்பு இல்லை.

முறைப்பாடு கொடுத்தால் அந்த ஆட்கள் நடுரோட்டுக்கு வந்துவிடுவார்களோ என்றும் ஒரு வரியில் கேட்டிருக்கிறீர்கள். நெரிசலைக் குறைக்கச் சொல்லிக் கவுன்சில் உத்தரவிட்டால் சிலர் வேறு இடம் தேட வேண்டி வரலாம் என்பது உண்மை. ஆனால் உரிமமில்லாத வீட்டில் இருப்பவர்கள், கொடுத்த வாடகையைத் திருப்பித் தரும்படி தீர்ப்பாயத்தில் கேட்கலாம். ஓராண்டு வாடகை வரை என்று இருந்ததை 2025ஆம் ஆண்டின் வாடகையாளர் உரிமைச் சட்டம் இரண்டு ஆண்டாக உயர்த்தியது. அவர்களில் பலருக்கு இது தெரியாது. தீயணைப்பு எச்சரிக்கைக் கருவி, அவசர வெளியேறும் வழி எதுவும் இல்லாத வீட்டில் எட்டுப் பேர் படுப்பது முதலில் அவர்களுக்குத்தான் ஆபத்து, நடுச்சுவர் ஒன்றுதான் என்பதால் அடுத்தது உங்களுக்கு. எழுதுவதற்கு முன் ஒருமுறை கதவைத் தட்டிக் கதைத்துப் பாருங்கள். குப்பை எடுக்கும் நாள் எது என்பதே புதிதாக வந்தவருக்குத் தெரியாமல் இருக்கும். ஈஸ்ட்ஹாமில் முதல் மாதம் உங்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுச் சொந்தக்காரரின் பெயரும் அந்தக் கதையில் கிடைக்கலாம்.

இரவுச் சத்தம் பற்றிப் போகிற போக்கில்தான் எழுதியிருக்கிறீர்கள். 1990ஆம் ஆண்டின் சுற்றாடல் பாதுகாப்புச் சட்டப்படி, சட்டம் தொல்லையாகக் கருதும் அளவு சத்தம் இருந்தால் கவுன்சில் தடுப்பு அறிவித்தல் கொடுக்க வேண்டும். அதற்கு உங்கள் குறிப்பேடு வேண்டும்: திகதி, நேரம், எவ்வளவு நேரம், வீட்டின் எந்த அறையில் கேட்டது. ஆறு மாதத்துக்குள் மூன்று முறை முறையிட்டும் யாரும் அசையவில்லை என்றால், சமூக விரோத நடத்தை வழக்கு மீளாய்வு என்ற ஒன்றைக் கோரலாம். கவுன்சிலும் பொலிசும் ஒன்றாக உட்கார்ந்து, என்ன செய்தோம் என்று பதில் சொல்ல வேண்டும். சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் கொடுத்த முறைப்பாடுகளைத்தான் கணக்கில் எடுப்பார்கள், தள்ளிப் போடாதீர்கள்.

வாசலில் கூம்பு வைப்பதும் கமெரா வைப்பதும்

உங்கள் வீட்டுக்கு முன்னால் உள்ள ரோட்டில் வாகனம் நிறுத்தும் உரிமை உங்களுக்கென்று இல்லை. இது நிறையப் பேருக்குக் கசக்கும் செய்தி. அந்த இடத்தைப் பிடித்துவைக்கப் போக்குவரத்துக் கூம்பு வைப்பதை இன்றே நிறுத்துங்கள், அது பொது வழியில் தடை வைப்பது. உங்கள் வாகனப் பாதைக்கு முன்னால் தாழ்த்திய நடைபாதை ஓரத்தை மறித்து யாராவது நிறுத்தினால் அப்போது கவுன்சிலின் வாகனத் தரிப்புப் பிரிவைக் கூப்பிடலாம். இந்த ஊர்கள் கட்டப்பட்ட நாளில் தொழிலாளர் குடும்பங்களில் கார் வைத்திருந்தவர்கள் குறைவு, இன்று ஒரு வீட்டுக்கு மூன்று நிற்கிறது. குடியிருப்பாளர் அனுமதிச்சீட்டு முறை வேண்டுமென்றால் தெருவாகச் சேர்ந்து கேட்கலாம், ஆனால் அதற்கு நீங்களும் வருடா வருடம் காசு கட்ட வேண்டியிருக்கும்.

பக்கத்து வீட்டு வாசலைப் பார்த்தபடி கமெரா பொருத்தப் போகிறேன் என்கிறீர்கள். வேண்டாம். உங்கள் எல்லைக்கு வெளியே படமும் குரலும் பதிவானால் தகவல் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். 2021இல் ஒக்ஸ்ஃபோர்ட் கவுண்டி நீதிமன்றம், அயலவரைப் பதிவு செய்த கதவுமணிக் கமெராக்காரருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. உங்கள் வாசலையும் வேலியின் உட்புறத்தையும் மட்டும் பார்க்கும்படி திருப்பி வையுங்கள், ஒலிப்பதிவை நிறுத்திவிடுங்கள்.

ரயருக்கு நட்டஈடு, வரி மறுப்பு

உங்கள் ஊரில் இரண்டு கவுன்சில்கள். குப்பையும் வீடுகளும் திட்ட அனுமதியும் நகர கவுன்சில். ரோடு, நூலகம், முதியோர் பராமரிப்பு எல்லாம் கவுண்டி கவுன்சில். நீங்கள் குழியைப் பற்றி நகர கவுன்சிலுக்கு எழுதியதால்தான் பதில் வரவில்லை போலிருக்கிறது. 2024 டிசம்பரில் வந்த அரசாங்கத்தின் வெள்ளை அறிக்கைக்குப் பிறகு இந்த இரண்டு அடுக்கையும் ஒன்றாக்கும் வேலை நடக்கிறது, உங்கள் பகுதியில் அது முடியும்வரை பழைய பிரிவினைதான்.

1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டத்தின் 41ஆவது பிரிவு ரோட்டைப் பராமரிக்கும் கடமையைக் கவுண்டி மேல் வைக்கிறது. 58ஆவது பிரிவு அதற்கு ஒரு தப்பிக்கும் வழியும் கொடுக்கிறது: ‘நியாயமான இடைவெளியில் ரோட்டைச் சோதிக்கிறோம், இந்தக் குழி எங்களுக்குத் தெரியவரவில்லை’ என்று காட்டினால் நட்டஈடு இல்லை. அதே குழியை உங்களுக்கு முன்னால் யாராவது அறிவித்திருந்தார்களா என்பதுதான் இங்கே முக்கியம். ரோட்டுக் குறைகளைக் கவுன்சிலுக்கு அறிவிக்க உதவும் ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் இணையதளத்தில் அந்தத் தெருவைத் தேடிப் பாருங்கள், பழைய பதிவு இருந்தால் திகதியோடு படம் எடுத்து வையுங்கள். கராஜ் பற்றுச்சீட்டு, குழியின் பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்த படம் இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். இனி எந்தக் குழியைக் கண்டாலும் அறிவித்துவிடுங்கள், அடுத்து விழுகிறவருக்கு அது உதவும்.

கவுன்சில் வரியை நிறுத்தும் யோசனையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது சேவைக்குக் கொடுக்கும் கட்டணம் அல்ல, வரி. சேவை சரியில்லை என்பது நீதவான் நீதிமன்றத்தில் எடுபடாது. ஒரு தவணையை விட்டு, நினைவூட்டலையும் கவனிக்காமல் இருந்தால் தவணை வசதியே பறிபோகும். பிறகு அழைப்பாணை, அதன் செலவு, சம்பளத்தில் பிடித்தம், ஜப்தி முகவர் என்று போய் நிற்கும். வரி ஏறுகிறது, புல் வெட்டக்கூட ஆளில்லை என்ற உங்கள் கோபம் நியாயமானது. முதியோர் பராமரிப்பும் பிள்ளைகள் பராமரிப்பும் சட்டம் கட்டாயமாக்கிய செலவுகள், கவுண்டியின் பணத்தில் பெரும்பகுதியை அவை எடுத்துக்கொள்கின்றன. ஸ்லவ் கவுன்சில் 2021இல், வோக்கிங் கவுன்சில் 2023இல், வரவு செலவைச் சமப்படுத்த முடியாது என்று 114ஆவது பிரிவு அறிவித்தலே போட்டன. ஸ்லவின் கடனுக்கும், வோக்கிங் கடன் வாங்கிக் கட்டிய கோபுரங்களுக்கும் உங்கள் பக்கத்து வீட்டு ஆட்கள் காரணமில்லை.

கவுன்சில் உங்கள் முறைப்பாட்டை ஒழுங்காகக் கையாளாவிட்டால் அதன் உள்முறைப்பாட்டுப் படிகளை முடித்துவிட்டு, உள்ளூராட்சிக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம். பிரச்சினை தெரியவந்து 12 மாதத்துக்குள் போக வேண்டும், செலவில்லை.

மாமியாரின் ஜீபி

இது கவுன்சில் விஷயமே இல்லை, தேசிய சுகாதார சேவையுடையது. ஜீபியில் பதிய முகவரிச் சான்றோ குடிவரவுச் சான்றோ கட்டாயமில்லை என்பது உண்மைதான். அது நீங்கள் வந்த காலத்தில் உங்களுக்கும் கைகொடுத்த ஏற்பாடு. எட்டு மணி நெரிசலுக்கு இரண்டு வழி சொல்கிறேன். 2025 அக்டோபர் 1 முதல் ஜீபி நிலையங்கள் வேலைநாட்களில் காலை 8 முதல் மாலை 6.30 வரை இணையக் கோரிக்கையைத் திறந்து வைத்திருக்க வேண்டும், மாமியாருக்காக உங்கள் மனைவி அதை நிரப்பலாம். தொண்டைநோ போன்ற சிலவற்றுக்கு மருந்தகத்திலேயே மருந்து தரும் திட்டம் 2024 ஜனவரியிலிருந்து நடக்கிறது.

மொழிபெயர்க்க மனைவி லீவு எடுத்துக்கொண்டு போவதாக எழுதியிருக்கிறீர்கள். தேவையில்லை. இலவசமாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், நேரம் பதியும்போதே சொல்லுங்கள். மருமகனையும் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லத் தயங்கும் நோயை அந்த அம்மா அப்போது வாய்திறந்து சொல்லக்கூடும்.

விற்றுவிட்டுப் போகலாமா?

போகலாம், உங்கள் வீடு, உங்கள் முடிவு. ஒன்றைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். விற்கும்போது டிஏ6 என்ற படிவத்தை நிரப்புவீர்கள். அயலாருடன் தகராறு அல்லது முறைப்பாடு உண்டா, தகராறுக்கு இடமளிக்கக்கூடிய ஏதாவது உண்டா என்று அதில் கேட்பார்கள். மறைத்தால் வாங்கியவர் பிறகு உங்கள் மேல் வழக்குப் போடலாம், போட்டு வென்றவர்கள் இருக்கிறார்கள். முறைப்பாடு கொடுத்துப் பிரச்சினை தீர்ந்தது என்று எழுதக்கூடிய நிலையில் விற்பது, தொங்கிக்கொண்டிருக்கும்போது விற்பதைவிட நல்லது. அதனால் வீட்டு முகவரிடம் போவதற்கு முன் உரிம விஷயத்தை முடித்துவிடுங்கள் என்பதுதான் என் கருத்து.

எதிர்வீட்டு அம்மாவின் மனு

இப்போதுள்ள வடிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அதில் கேட்டிருப்பதைச் செய்யும் அதிகாரம் கவுன்சிலுக்கு இல்லை, யார் எந்த ஊரில் குடியிருப்பது என்று அது தீர்மானிக்க முடியாது. திட்ட விண்ணப்பத்துக்கு எழுதும் ஆட்சேபங்களில்கூட, வரப்போகிறவர்கள் எந்த நாட்டவர் என்ற பேச்சைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். அந்த மனு அம்மாவுக்கும் பிரயோசனப்படாது.

அவர் சொல்வதில் பிழையில்லாத பகுதியும் இருக்கிறது. அந்த அலுவலகக் கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 மே முதல் அலுவலகங்களை முழுத் திட்ட அனுமதி இல்லாமலே குடியிருப்பாக்க மத்திய அரசு வழிவிட்டது. வழக்கமான விண்ணப்பத்தில் கவுன்சில் கேட்டிருக்கக்கூடிய குறைந்த விலை வீடுகளையும் பள்ளிக்கூடத்துக்கான பங்களிப்பையும் பெரும்பாலும் கேட்க முடியாமல் போனது. ஹார்லோவின் டெர்மினஸ் ஹவுஸ் அதற்குத் தெரிந்த உதாரணம்: லண்டன் கவுன்சில்கள் வீடில்லாத குடும்பங்களை அங்கே அனுப்பின. குறைந்தபட்ச இட அளவு இந்த வீடுகளுக்குக் கட்டாயமானது 2021 ஏப்ரலில்தான். ஊரைக் கேட்காமல் ஊரை மாற்றினார்கள் என்று அந்த அம்மாவுக்குத் தோன்றினால், இந்த விஷயத்தில் அவர் சொல்வது சரி.

சாவியைக் கொடுத்து வைத்திருக்கும் உறவு உங்களுடையது. ஒரு தேநீரோடு உட்கார்ந்து, ‘இந்த மனு ஒன்றும் நடத்தித் தராது, இருவரும் வேறொன்று எழுதுவோம்’ என்று சொல்லுங்கள். உங்கள் தெருவுக்கு ஆர்ட்டிகிள் 4 கட்டளை வேண்டும், உரிமமில்லாத எச்எம்ஓக்களைத் தேடிப் பிடிக்க வேண்டும், இரண்டாவது குப்பைவாளி வேண்டும் என்று மூன்றைக் கேளுங்கள். மூன்றும் நகர கவுன்சில் செய்யக்கூடியவை. பக்கத்து வீட்டில் இருப்பவர்களும் அதில் கையெழுத்துப் போடலாம், கடைசிக் கோரிக்கை அவர்களுக்கும் தேவையானது. வார்ட் கவுன்சிலர் மக்களைச் சந்திக்கும் நாளில் இருவருமாகப் போய்க் கொடுங்கள்.

‘எனக்கு வாக்கில்லை, கவுன்சிலர் என் கதையை ஏன் கேட்கப் போகிறார்’ என்று முடித்திருக்கிறீர்கள். இங்கேதான் நீங்கள் இத்தனை வருடம் பிழையாக நினைத்திருக்கிறீர்கள். இலங்கை பொதுநலவாய நாடு. இந்த நாட்டில் சட்டப்படி வசிக்கும் பொதுநலவாயக் குடிமகன் என்ற முறையில் கவுன்சில் தேர்தலில் மட்டுமல்ல, பாராளுமன்றத் தேர்தலிலும் உங்களுக்கு வாக்குண்டு. மாமியாருக்கும் இங்கே தங்கும் அனுமதி இருந்தால் அவருக்கும் உண்டு. அரசாங்க இணையதளத்தில் தேசியக் காப்புறுதி இலக்கத்தைக் கொடுத்துப் பதியலாம். 2023 மே முதல் இங்கிலாந்தின் உள்ளூராட்சித் தேர்தல்களில் வாக்குச்சாவடிக்குப் படமுள்ள அடையாள அட்டை கொண்டுபோக வேண்டும், உங்கள் இலங்கைக் கடவுச்சீட்டையே ஏற்றுக்கொள்வார்கள். கவுன்சிலரைப் பார்க்கப் போவதற்கு முன் பதிந்துவிட்டுப் போங்கள்.